தத்துவம் போதும், விஷயத்துக்கு வாங்க!

போன இதழில் ஒரு வாசகர், “எதற்கெடுத்தாலும் பொன்மொழி சொல்லும் மைத்துனரை என்ன செய்வது?” என்று கேட்டிருந்தார். “பதிலுக்கு நீங்களும் ஒன்று எடுத்து விடாமல் இருங்கள், அதுவே பெரிய உதவி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது பலருடைய ஆறாத புண்ணைக் கிளறிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதே புலம்பல்தான். எனவே சினிமா, அரசியல், ஜோதிடக் கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. மைத்துனர்களும் பத்திரிகை படிக்கிறார்கள் அல்லவா!

வேலை இழந்த ஒருவர்: ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் “எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது” என்றார்கள். “கீதையிலேயே சொல்லியிருக்கிறது” என்று வேறு ஒருவர் அழுத்தினார். எனக்கு ஆறுதலுக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. நான் நன்றி கெட்டவனா?

இல்லை. வேலை போனவருக்கு எரிச்சல் வராவிட்டால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முதலில் கீதை விஷயம். “கீதாசாரம்” என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த வாசகங்கள், கீதையின் 700 சுலோகங்களில் எதற்கும் மொழிபெயர்ப்பு கிடையாது. யாரோ சாரம் என்று நினைத்து எழுதியது. அழகாக இருந்ததால் சுவருக்குச் சுவர் பரவிவிட்டது. சரி, உண்மையான கீதையில் என்ன நடக்கிறது? கை நடுங்கி, வாய் உலர்ந்து, வில் நழுவி உட்கார்ந்துவிட்ட ஒருவனிடம் கிருஷ்ணர் “எல்லாம் நன்மைக்கே” என்று ஒரு வரி சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. பதினெட்டாம் அத்தியாயம் வரை பேசுகிறார். நடுநடுவே அர்ஜுனன் “நீ முன்னால் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகவில்லையே, ஒன்றைத் தெளிவாகச் சொல்” என்கிற மாதிரி மடக்குகிறான். அதற்கும் பொறுமையாகப் பதில் வருகிறது. உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் யாராவது ஒரு குறுக்குக் கேள்விக்கு இடம் கொடுத்தார்களா?

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மூளைச்சலவை பற்றி 1961இல் எழுதிய புத்தகத்தில், சிந்தனையை முடித்துவைக்கும் தேய்ந்த சொற்றொடர்கள் என்று ஒரு வகையைக் குறிப்பிடுகிறார். எவ்வளவு சிக்கலான பிரச்சினையாக இருந்தாலும் அதை ஒரு சின்ன வாசகத்துக்குள் அடக்கி, அதற்கு மேல் யாரும் யோசிக்காமல் செய்துவிடுவது அவற்றின் வேலை. அவர் ஆராய்ந்தது கம்யூனிஸ்ட் சீனாவில் நடந்த “சிந்தனைச் சீர்திருத்தத்தை.” உங்கள் உறவினர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் விளைவைப் பாருங்கள். “நன்றாகவே நடந்தது” என்று ஒருவர் சொன்னபின் நீங்கள் என்ன பேச முடியும்? மறுத்தால் நம்பிக்கை இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். ஒப்புக்கொண்டால், அடுத்த மாதக் கடன் தவணை பற்றிப் பேச வாயைத் திறக்க முடியாது.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: எதிர்வீட்டுக்காரர் மட்டும் வாசலிலேயே நின்று, “கடைசி மாதச் சம்பளம் வந்துவிட்டதா? அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிட்டீர்களா?” என்று கேட்டாராம். அவரைச் சரியாகப் பேசத் தெரியாதவர் என்று வேறு குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ வந்தவர்களில் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. சான்றிதழை வாங்கிவிட்டீர்களா?

கல்லூரி மாணவி: டெங்கு வந்து படுத்திருந்தேன். பார்க்க வந்த பெரியப்பா, “உன்னைக் கொல்லாதது எதுவோ அது உன்னை வலிமையாக்கும்” என்றார். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை, இதில் எங்கே வலிமை?

பெரியப்பா தேர்ந்தெடுத்த நோய் சரியில்லை அம்மா. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நீடித்த எதிர்ப்பு கிடைக்கும். அடுத்த முறை வேறு வகை தொற்றினால், முதல்முறையைவிடக் கடுமையாகத் தாக்கும் அபாயம் கூடுகிறது. அதாவது உங்களைக் கொல்லாமல் விட்டது, அடுத்தது வரும்போது அதற்கு உள்ளே ஆள் இருக்கிற மாதிரி செய்துவிட்டுப் போயிருக்கலாம். தட்டம்மையும் இப்படித்தான். அது, மற்ற நோய்களுக்காக உடம்பு சேர்த்துவைத்திருந்த எதிர்ப்புச் சக்தியையும் அழித்துவிட்டுப் போகிறது என்று 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. போலியோவை எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பெரியப்பா கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம். கொசுவலையும் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அந்த வாசகத்தை எழுதியவர் ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே. எழுதியது 1888. அடுத்த ஆண்டு ஜனவரியில் இத்தாலியின் டூரின் நகரத்தில் மனம் கலங்கி விழுந்தார். பிறகு தெளியவே இல்லை. முதலில் தாயாரும் பிறகு தங்கையும் பார்த்துக்கொள்ள, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்து 1900இல் இறந்தார். இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வது எனக்கு உவப்பில்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தலைவலியோடும் கண் கோளாறோடும் போராடிய மனிதர். “என்னைக் கொல்லாதது என்னை வலிமையாக்கும்” என்றுதான் எழுதினார், தன்னிலையில். வலியில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அதில் ஒரு வீரம் இருக்கிறது. அதையே, எந்த வலியும் இல்லாத ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கட்டிலில் கிடப்பவரிடம் சொன்னால்? என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்த மொத்த விவகாரத்திலும் எரிச்சலின் ஊற்றுக்கண். ஒருவர் தன் பாட்டைத் தாங்கிக்கொள்ளக் கண்டுபிடித்த சொல்லை எடுத்து, அடுத்தவர் பாட்டைக் கேட்காமல் தப்பிக்கப் பயன்படுத்துகிறோம்.

கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர்: ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் மேலாளர் “மாற்றம் ஒன்றே மாறாதது” என்று தொடங்குகிறார். அன்று ஏதோ ஒரு சலுகை போகப்போகிறது என்று அர்த்தம். அந்த வாக்கியத்துக்கு உண்மையில் அர்த்தம் உண்டா?

சலுகை போகப்போகிறது என்பதே போதுமான அர்த்தம்தானே!

இந்த ரகத்துக்கு டேனியல் டெனெட் என்ற தத்துவப் பேராசிரியர் “டீப்பிட்டி” என்று பெயர் வைத்திருந்தார். சொல்லை உருவாக்கியது அவரல்ல. கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவர் ஏதோ கனமாகப் பேசப்போக, பதின்வயது மகள் கிண்டலாக உதிர்த்த சொல்லாம் அது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். டீப்பிட்டிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் பார்த்தால் உண்மை, ஆனால் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. இன்னொரு பக்கத்தில் பார்த்தால் பிரமாதமான விஷயம், ஆனால் உண்மையில்லை. கேட்பவர் இரண்டையும் ஒரே விழுங்காக விழுங்கிவிடுகிறார்.

உங்கள் மேலாளர் வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். “விஷயங்கள் மாறும்.” சரி, மாறும். காலண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். “மாறாதது எதுவுமே இல்லை, மாற்றத்தைத் தவிர.” இது உண்மையானால் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது மாறினால் உங்கள் பிரிவைத்தான் முதலில் மூட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், மாற்றம் நடக்கும் என்பதிலிருந்து இந்த மாற்றம் நல்லது என்பது எப்படி வந்தது? அந்தப் பாலத்தை அவர் கட்டவே இல்லை. நீங்களாகத் தாண்டிவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில், “ஆமாம் சார், மாறும். எந்த விடுப்பு, எந்தத் தேதியிலிருந்து?” என்று கேட்டுப்பாருங்கள். கேட்கும்போது சிரித்த முகமாக இருப்பது அவசியம்.

மார்க்ஸ் சொன்னது, பழங்காலக் கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளிடஸ் சொன்னது என்று இதற்கு இரண்டு தகப்பன்மார் உண்டு. மேலாளருக்கு எவர் வசதியோ அவர்.

பள்ளி ஆசிரியை: பழமொழி சொன்னால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் நம்புகிறார்கள். அதையே சாதாரண வாக்கியமாகச் சொன்னால் “ஏன் மிஸ்?” என்கிறார்கள். என்ன மாயம் இது?

எதுகை மோனை மாயம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மெக்லோன், டோஃபிபக்ஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பழக்கமில்லாத ஆங்கிலப் பழமொழிகளை ஒலி இயைபோடு ஒரு மாதிரியும், அதே பொருளில் இயைபு இல்லாமல் இன்னொரு மாதிரியும் கொடுத்து, இது மனித இயல்பை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று மாணவர்களிடம் கேட்டார்கள். இயைபு உள்ளதற்கே அதிக மதிப்பெண். “சொல்லின் அழகு வேறு, சொல்லும் கருத்து வேறு, பிரித்துப் பாருங்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தபோது அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது.

நம் மொழியில் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். “பதறாத காரியம் சிதறாது” என்று கரும்பலகையில் எழுதுங்கள். எல்லாத் தலையும் ஆடும். பக்கத்திலேயே “அவசரப்படாமல் செய்யும் வேலை கெட்டுப்போகாது” என்று எழுதுங்கள். உடனே ஒரு கை உயரும்: “மிஸ், நான் மெதுவாத்தான் வரைஞ்சேன், அப்பவும் படம் நல்லா வரலை.” இத்தனைக்கும் இரண்டும் ஒரே விஷயம். கை உயர்த்தின பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.

எதுகை கூட வேண்டாம், கனமான சொற்களே போதும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெனிகுக் குழுவினர், “முழுமை எல்லையற்ற நிகழ்வுகளை அமைதியாக்குகிறது” என்கிற ரீதியில் கணினி கண்டபடி கோத்துப்போட்ட வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு ஆழம் என்று கேட்டார்கள். ஆழம் இருக்கிறது என்று சொன்னவர்கள் கணிசமான பேர். 2015இல் வந்த ஆய்வு இது. மறுவருடமே, வேடிக்கையான ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு வாங்கியது, அதுவும் அமைதிப் பிரிவில். யார் அமைதிக்காக என்று தெரியவில்லை.

ஒரு வாசகர்: “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்கிறார்கள். “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

காரியம் முடிந்தபிறகு எது பொருந்துகிறதோ அதை. சொல்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வீடு வாங்கி விலை ஏறினால் முதலாவது, இறங்கினால் இரண்டாவது. பழமொழி தோற்றதாகச் சரித்திரமே இல்லாததன் ரகசியம் இதுதான்.

வள்ளுவர் இதில் நேர்மையானவர். “ஊழிற் பெருவலி யாவுள” என்று 380ஆம் குறளில் கேட்டவர், “முயற்சி திருவினை ஆக்கும்” என்று 616இல் சொல்கிறார். இரண்டும் மோதுவது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் அதே அதிகாரத்தில் 619க்கு வரும்போது, தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி, உடம்பு வருந்திய அளவுக்காவது கூலி தரும் என்று கணக்கை நேர் செய்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் ஏதாவது ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வாசகர்: விவாதத்தில் நண்பனை ஆதாரத்தோடு மடக்கினால், “விதிவிலக்குகள் விதியை நிரூபிக்கின்றன” என்று சிரிக்கிறான். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. “எல்லாக் காக்கையும் கறுப்பு” என்பவரிடம் ஒரு வெள்ளைக் காக்கையைக் கொண்டுவந்து காட்டினால், விதி உடைந்தது. இன்னும் பத்து கொண்டுவந்தால் அவர் விதி இன்னும் உறுதியாகுமா என்ன?

ஆனால் இந்த வாசகம் பிறந்தபோது அறிவோடுதான் பிறந்தது. ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தது. கி.மு. 56இல் பால்பஸ் என்பவருடைய குடியுரிமை வழக்கில் சிசரோ வாதாடினார். சில இனத்தாரோடு செய்த ஒப்பந்தங்களில் மட்டும் “இவர்களுக்கு ரோமக் குடியுரிமை கிடையாது” என்று விலக்கு எழுதியிருக்கிறது. அப்படித் தனியாக எழுதிவைத்திருக்கிறது என்றாலே, எழுதாத இடங்களில் குடியுரிமை தரலாம் என்றுதானே பொருள் என்று கேட்டார். ‘ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் அனுமதி இல்லை’ என்று பலகை வைத்திருந்தால், மற்ற நாளில் போகலாம் என்று நாம் புரிந்துகொள்வதும் அதே வழியில்தான். எழுதிவைத்த விலக்கு, எழுதாத விதியைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் நண்பருக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. அடுத்த முறை அவர் சிரித்தால், சிசரோ என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்களும் சிரியுங்கள்.

ஒரு வாசகி: மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?

சொல்பவரைப் பற்றிய தகவலாக இருக்கலாம். உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் சாப்பிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு படியளக்காது. ஸ்கேன் படங்களிலும் அப்படி நிரந்தரமாகச் சும்மா கிடக்கும் பகுதி எதுவும் தென்படுவதில்லை.

ஓய்வுபெற்ற ஒருவர்: “ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு விளைவை எதிர்பார்ப்பதுதான் பைத்தியக்காரத்தனம்” என்றது ஐன்ஸ்டைன்தானா?

அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான குழுக்களின் பிரசுரங்களில் 1980களின் தொடக்கத்தில் தென்படுகிற வாசகம் அது. ஐன்ஸ்டைன் 1955இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வால்டேர் சொன்னதாக மேடைக்கு மேடை முழங்கப்படும் “உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்” என்பதும், ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற எழுத்தாளர் வால்டேரின் மனப்போக்கை விளக்க 1906இல் எழுதிய வரி.

பெயர்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதைப் பத்திரிகை ஆபீஸில் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கட்டுரை முடிந்து பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிஞ்சினால் துணுக்கு போட வேண்டும். பக்கம் கட்டுபவர் மேஜை இழுப்பறையில் பழுப்பேறிய சீட்டுகள் கட்டுக் கட்டாக இருக்கும். அவர் அதைக் கருத்து வாரியாகப் பிரித்து வைத்திருக்கவில்லை, மூன்று வரி, நாலு வரி, ஐந்து வரி என்று பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ரவீந்திரநாத் தாகூர் என்றால் பெயர் அடுத்த வரிக்கு ஓடிவிடும். புத்தர் என்றால் நாலு எழுத்தில் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் புத்தர் அவ்வளவு பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வாசகர்: உங்களுக்குப் பிடித்த பொன்மொழி?

“உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்.” மருந்து பாட்டிலில் இருப்பது. யார் சொன்னது என்று யாரும் சண்டை போடுவதில்லை.

ஒரு தாத்தா: தினமும் காலையில் குடும்பக் குழுவில் சூரியோதயப் படத்தோடு ஒரு பொன்மொழி அனுப்புகிறேன். நல்லதைத்தானே அனுப்புகிறேன்? ஒருவரும் பதில் போடுவதில்லை. பேத்தி மட்டும் கட்டைவிரல் போடுகிறாள். உங்களைப் போன்றவர்கள்தான் அவர்களைக் கெடுக்கிறீர்களா?

ஐயா, உங்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. காலையில் எழுந்ததும் பிள்ளைகள் நினைப்பு வருகிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் யாரோ எழுதிய வாசகத்தை அனுப்புகிறீர்கள். உண்மையில் நீங்கள் அனுப்புவது “நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்” என்ற செய்தியைத்தான். வீட்டில் எல்லோரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் ஊகம். ஒருநாள் அனுப்பாமல் இருந்து பாருங்கள், பத்து மணிக்குள் போன் வந்துவிடும். (நிஜமாகச் செய்துவிடாதீர்கள், பதறிப்போவார்கள்.)

ஆனால் பதில் வராததற்குக் காரணம் இருக்கிறது. “விழுவது எழுவதற்கே” என்று அனுப்பினால் பிள்ளைகள் என்னதான் எழுதுவார்கள்? “ஆமாம், விழுந்தேன்” என்றா? அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பேத்தி தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலை, “முடிவு என்றைக்கு வருகிறது, கணக்குப் பரீட்சை கஷ்டம் என்றாயே?” என்று கேட்டு ஒரு வரி போடுங்கள். சூரியோதயப் படமும் கூட இருக்கட்டும், பரவாயில்லை.